ஆளில்லாக் கப்பலில் ஒரு பனியன்

ஆளே இல்லாத கப்பலில் ஒரு பனியன் காய்ந்துகொண்டிருந்தது.

கடலோரக் கண்காணிப்புத் துறையின் கன்ட்ரோல் ரூமில், சுவரளவு திரைக்கு முன்னால் நின்று கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். பனியன் போகவில்லை. கரையிலிருந்து எட்டு கடல் மைல் தள்ளி, வெயிலையும் காற்றையும் மட்டுமே குடித்து ஓடுகிற, மனிதக் கை படாத, 'தன்னிச்சை' என்று அவரே பெயர் சூட்டிய கப்பலின் மூக்கில், இரும்பு வளையத்தில் கட்டப்பட்டு, ஒரு வெள்ளைப் பனியன் உல்லாசமாக ஆடிக்கொண்டிருந்தது.

"எங்கிருந்தாவது பறந்து வந்து ஒட்டியிருக்கும்," என்றார்.

"முடிச்சுப் போட்டிருக்கு சார்," என்றாள் புரோகிராமர் பெண். அந்தக் கப்பலுக்கு மூளை எழுதியவள் அவள். அதைப் பற்றி மேடையில் பேசுகிறவர் கேப்டன். "நல்லா இறுக்கி, ரெண்டு முடிச்சு."

"காலைல அனுப்பும்போது பாக்கலையா?"

"நான் இங்க கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தேன். நீங்கதானே சார் படகுத்துறையில நின்னு அனுப்பி வெச்சீங்க?"

அது உண்மைதான். அரையிருட்டில், கப்பலிலிருந்து பத்திரமாக இருபதடி தள்ளி நின்று, ஒரு வாழ்த்துரை வழங்கி அனுப்பி வைத்திருந்தார். வாழ்த்துகிறவர்கள் மூக்கையெல்லாம் உற்றுப் பார்ப்பதில்லை.

கேப்டன் என்பது அவருடைய பதவி அல்ல. துறை முழுக்கச் சேர்ந்து வைத்த பட்டப்பெயர். படகு என்று சொன்னாலே அவருக்குத் தலை சுற்றும். குளியலறை வாளியில் தண்ணீர் தளும்பினால்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்வார். முப்பது வருட உத்தியோகத்தில் கடல்மேல் அவர் இருந்த மொத்த நேரம் ஏழு நிமிடம். அதில் ஐந்து நிமிடம் குனிந்தே இருந்தார். ஆளில்லாக் கப்பல் என்ற யோசனை பிறக்கக் காரணம் தொலைநோக்கு என்று அவர் மேடைகளில் சொல்வார். வாந்தி என்று மனைவி வீட்டில் சொல்வாள்.

இன்றைக்கு அந்த யோசனைக்குப் பரீட்சை. பத்து மணிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஐந்தரைக்குப் புறப்பட்ட தன்னிச்சை, நடுக்கடலில் ரோந்து சுற்றிவிட்டு, மாலை நான்கு மணிக்குள் தானாகத் துறைக்குத் திரும்பினால் இன்னும் ஆறு கப்பல் கட்ட அனுமதி. திரும்பாவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா. கேப்டனுக்கு டீசல் ரோந்துப் பிரிவில் துணை மேலாளராக மாற்றல்.

மாற்றலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டீசல் பிரிவின் மேலாளர் அவருடைய சகலை.

மனைவியின் அக்கா வீட்டுக்காரர். ஐந்து படகு, இருபது ஆள், ஓயாத புகை என்று வாழ்கிற மனிதர். அவர் முன்னால் நின்று தினமும் 'குட்மார்னிங் சார்' சொல்வதைவிட அந்தக் குளியலறை வாளியில் குதித்துவிடலாம் என்று கேப்டனுக்குத் தோன்றியது. ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்தும், சூரிய சக்தியின் மேன்மையைச் சகலைக்குப் புரியவைக்க அவரால் முடியவில்லை. முயலாமல் இல்லை. போன வருடம் ஒன்பது மணி நேர ரயில் பயணத்தில் வழிநெடுக விளக்கினார். இரண்டாவது ஸ்டேஷனிலேயே சகலை மேல் பெர்த்தில் ஏறிப் போர்த்திக்கொண்டார். கேப்டன் நின்றுகொண்டே விளக்கினார்.

"கேமராவைத் திருப்பும்மா," என்றார் இப்போது. "குழுவுக்குப் பனியன் தெரியக் கூடாது. வானத்தைக் காட்டு. அழகாவும் இருக்கும்."

கேமரா வானத்தைப் பார்த்தது. ஆனால் தன்னிச்சையின் மூளை வேவு பார்ப்பதற்கென்றே எழுதப்பட்டது. ஓரக்கண்ணில் எது அசைந்தாலும் அதற்கு அரிக்கும். பனியனுக்குள் காற்று புகுந்து, நெஞ்சும் தொப்பையுமாக உப்பியபோது, திரையில் சிவப்பு எழுத்து ஓடியது: கப்பலில் ஆள் – 1.

"ஐயையோ. இது யாருக்கெல்லாம் போகும்?"

"எச்சரிக்கைப் பட்டியல்ல இருக்கற எல்லாருக்கும் சார். குழுத் தலைவி மேடம், டீசல் பிரிவு, அப்புறம்..."

கேப்டனின் போன் அடித்தது. மனைவி. பட்டியல் போட்ட அன்றைக்கு ஒரு பெருமைக்காக அவள் எண்ணையும் சேர்த்திருந்தார்.

"என்னங்க, ஆளில்லாக் கப்பல்ல ஆளாமே?"

"ஆள் இல்லடி. பனியன்."

"யாரு பனியன்?"

"ஆள் இருந்தாத்தானே யாருதுன்னு சொல்றதுக்கு?"

"தன்னிச்சைன்னு பேரு வெச்சப்பவே நெனச்சேன், அது எங்க உங்க பேச்சைக் கேக்கப் போகுதுன்னு."

"வேலை நேரத்துல கிண்டல் பண்ணாதே."

"சரி, படத்தை அனுப்புங்க. கடல்னா நீங்க பாத்துக்கங்க. துணின்னா என்னைக் கேளுங்க."

அவர் போனை வைத்துவிட்டார். படத்தைப் புரோகிராமர் பெண் அனுப்பிவைத்தாள். அந்த அறையில் உருப்படியான யோசனை எது என்று கண்டுகொள்ளும் பழக்கம் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

"கப்பலைச் சுத்தவிடு," என்றார் கேப்டன். "காத்துக்கு எதிரா, முழு வேகத்துல, நாலு சுத்து. பனியன் பிச்சுக்கிட்டுப் பறக்கணும்."

"பேட்டரி இறங்கிடும் சார்."

"சூரியன் என்ன லீவுலயா இருக்கு?"

நாலு சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டாவது சுற்றில் முடிச்சு அவிழ்ந்தது. கடலில் விழ வேண்டிய பனியன் கப்பலுக்குள்ளேயே பறந்து, சோலார் பேனலின்மேல், தோள் இரண்டையும் விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டது. சிவப்பு எழுத்து மாறியது: கப்பலில் ஆள் – 1. படுத்த நிலை. அசைவில்லை.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே குழுத் தலைவி உள்ளே வந்தார்.

குழுத் தலைவி, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எதிர்பார்க்கிற வகை. பின்னாலேயே இரண்டு உறுப்பினர்கள். அவர்களுக்கும் பின்னால், டீசல் பிரிவின் சார்பில் பார்வையாளராகச் சகலை.

"உக்காருங்கம்மா. முதல்ல ஒரு சிறு முன்னுரை..."

"நடுக்கடல்ல ஒரு ஆள் அசைவில்லாமக் கிடக்கான்னு எனக்கு செய்தி வந்திருக்கு. முன்னுரையா? டீசல் பிரிவு, உடனே ஒரு படகை அனுப்புங்க."

"இதோ மேடம்," என்று சகலை சட்டென்று எழுந்தார்.

"கூடாது!" கேப்டன் கதவை மறித்து நின்றார். "மனிதக் கை பட்டா பரீட்சை செல்லாது!"

"ஒருத்தன் சாகக் கிடக்கான். உங்களுக்குப் பரீட்சையா பெரிசு?"

"அவன் சாகமாட்டாம்மா."

"எப்படித் தெரியும்?"

"அது... அது பனியன்."

"பனியன் போட்ட ஆளா?"

"ஆள் போடாத பனியன்."

உறுப்பினர்களில் ஒருவர் பிஸ்கட்டை எடுத்த கையோடு அப்படியே நின்றார்.

"ஆளில்லாக் கப்பல்ல யாரு பனியன்?" என்றார் தலைவி. எழுபது பக்கத் திட்ட அறிக்கையில் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

போன் மறுபடி அடித்தது. தன்னிடம் ஒளிவுமறைவு இல்லை என்று காட்டிக்கொள்ளக் கேப்டன் எல்லார் முன்னாலும் எடுத்தார். அவர் மனைவியின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"என்னங்க, அது நம்ம பனியன்தாங்க! அக்காவும் நானும் சேந்து ரெண்டு டஜன் வாங்கினோமே, அதுல ஒண்ணு. மொட்டைமாடில ஒரே கொடில காயறதால மாறிடக் கூடாதுன்னு கழுத்துக்குப் பின்னாடி நூல் தெச்சிருக்கோம். பச்சை நூல்னா உங்களுது. சிவப்புன்னா அத்தானுது. பாத்துட்டு சொல்லுங்க, எனக்கு இங்க ஒண்ணு குறையுதான்னு எண்ணணும்."

எல்லாத் தலைகளும் கேப்டனிடம் திரும்பின. பிறகு, ஏதோ ஓர் உறவு விளங்கியவைபோல, சகலையிடம் திரும்பின.

"அந்த இடத்தைப் பெரிசாக்கு," என்றார் கேப்டன்.

இரண்டு மைல் தூரத்திலிருக்கும் படகின் எண்ணைப் படிக்கக்கூடிய கேமரா அது. கடத்தல்காரர்களையும் கள்ளப் படகுகளையும் பிடிப்பதற்காக மூன்று வருடம் பாடுபட்டுச் செய்தது. அதன் முழுத் திறமையும் அன்றுதான் முதன்முதலாக வெளிப்பட்டது. சுவர் முழுக்க ஒரு பனியனின் கழுத்து. அதன் நடுவில், வடக்கயிறு பருமனுக்கு, ஒரு நூல்.

சிவப்பு.

கேப்டனுக்கு ஒரு நொடியில் பத்து வயது குறைந்தது.

"அம்மா! இது சதி. டீசலின் சதி!"

"சகலை, கொஞ்சம் மெதுவா..." என்றார் சகலை.

"இது ஆபீஸ். சகலை எல்லாம் வீட்ல. இந்தப் பனியன் உங்களுதா இல்லையா?"

"என்னுதுதான்."

"என் கப்பலுக்கு எப்படிப் போச்சு?"

"பழைய பனியனையெல்லாம் படகுல கை துடைக்கன்னு நம்ம ஆளுங்களுக்குக் குடுத்துடுவேன்."

"அப்ப உங்க ஆளுங்க என் கப்பல்கிட்ட போயிருக்காங்க!"

சகலை கைக்கடிகாரத்தைத் திருகினார். "கடல்தானே... ஒருத்தரை ஒருத்தர் கடந்து போவோம், வருவோம்," என்றார்.

"போய், வந்து, முடிச்சும் போட்டுட்டு வருவீங்களா? என் கப்பல் உள்ளே வந்துட்டா உங்க அஞ்சு படகும் பேரிச்சம்பழத்துக்குப் போயிடும்னு பயம்! அம்மா, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. மாலை நாலு மணி வரைக்கும் ஒரு டீசல் படகும் துறையை விட்டு நகரக் கூடாது. அஞ்சு சாவியும் இந்த மேஜைமேல இருக்கணும்."

"நியாயமாத்தான் படுது," என்றார் தலைவி. "வைங்க."

சகலை நகரவில்லை. "மேடம், அவசரம்னா ஒரு படகாவது..."

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்றார் கேப்டன்.

சாவிகள் மேஜைக்கு வந்தன. கேப்டன் அவற்றை வரிசையாக அடுக்கி, தன் பக்கம் இழுத்துவைத்து, அவற்றின்மேல் எழுபது பக்க அறிக்கையை வைத்தார். அந்த அறிக்கை ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது அதுவே முதல் தடவை.

"சகலை," என்று சகலை குனிந்து காதருகே சொன்னார். "ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணும். உங்க நல்லதுக்குத்தான்."

"எதுவா இருந்தாலும் குழு முன்னாடி பேசுங்க."

"முன்னாடி பேச முடியாதுங்க."

"அப்ப பேசவே வேணாம்."

பதினொரு மணிக்குக் கேப்டன் உரையைத் தொடங்கினார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. திரை இருக்கும்போது கடலைப் பார்க்க ஜன்னல் எதற்கு என்று அவரே செங்கல் வைத்து அடைக்கச் சொல்லியிருந்தார். ஆகையால் தப்பிக்க நினைத்தவர்களுக்கும் பார்க்க வேறெதுவும் இல்லை.

"இதுவரை பதினோரு ஓட்டம். பதினோரு முறையும், ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல், ஒரு மனிதக் கை படாமல், தன்னிச்சை தானாகவே வீடு திரும்பியது. இந்தத் திரையில் அந்தப் பச்சைப் புள்ளி துறையைத் தொட்டதும் நாங்கள் கைதட்டுவோம். கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால், சமர்த்தாக வந்து கட்டுத்துறையில் நிற்கும். ஆனால் அதிசயம் அதுவல்ல. மதியம் இரண்டரை வாக்கில், நடுவழியில், அது பத்து நிமிடம் அசையாமல் நிற்கும். ஏன்?"

யாரும் கேட்கவில்லை.

"சிந்திக்கிறது. அன்றைய அனுபவத்தை அசைபோடுகிறது. இதற்குத் 'தற்சிந்தனை இடைவேளை' என்று பெயரிட்டு நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். சிந்தித்து முடித்ததும், போனதைப்போல இரு மடங்கு வேகத்தில் திரும்பி வரும். அது ஏன்?"

பிஸ்கட் உறுப்பினர் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார்.

"வீட்டுப் பாசம்."

தலைவி புரோகிராமர் பெண்ணைப் பார்த்தார். "இதெல்லாம் நீ எழுதினதா?"

"நான் அப்படி எதுவும் எழுதலை மேடம். அதோட, அந்த நேரத்துல பேட்டரி சுத்தமாக் காலின்னு வேற காட்டுது. மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன்."

"மீட்டர் கோளாறு!" என்றார் கேப்டன். "அவள் எழுதவில்லை என்பதுதான் விஷயமே. அதுவாகவே கற்றுக்கொண்டது!"

மதியம் இரண்டு மணிக்கு, மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டுக் கேமரா தானாக அணைந்தது. இதுவும் அதன் புத்திசாலித்தனங்களில் ஒன்று என்று கேப்டன் விளக்கினார். திரையில் கடல் வரைபடமும், தனி பேட்டரியில் துடிக்கிற ஒரு பச்சைப் புள்ளியும் மிஞ்சின. புள்ளி துறையை நோக்கி ஊர்ந்தது. இரண்டு இருபதுக்கு நின்றது.

"பாருங்கள்! தற்சிந்தனை!"

பத்து நிமிடம் போயிற்று. இருபது நிமிடம் போயிற்று. சகலை கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார், மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அத்தனை ஏசியிலும் அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. குற்றமுள்ள நெஞ்சு இப்படித்தான் வேர்க்கும் என்று கேப்டன் நிறைவோடு நினைத்துக்கொண்டார்.

இரண்டே முக்காலுக்குத் தலைவி கேட்டார். "இன்னும் சிந்திக்குதா?"

"இன்னைக்கு அனுபவம் கொஞ்சம் அதிகம்மா. பனியன் வேற."

மூன்று மணிக்குப் புள்ளி நகர்ந்தது. கேப்டன் கைதட்டினார். கூடவே யாரும் தட்டாததால் உற்றுப் பார்த்தார். புள்ளி துறைக்கு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"நீரோட்டம் சார்," என்றாள் புரோகிராமர் பெண். "அது ஓடலை. மிதக்குது."

"வீட்டுக்கு வான்னு கட்டளை அனுப்பு!"

"அனுப்பிட்டேன். எட்டு தடவை."

"கண்டிப்பா அனுப்பு!"

"கண்டிப்புக்கு அதுல பட்டன் இல்லை சார்."

"பனியனால வந்த வினை! பேனலை மறைச்சுக்கிட்டுப் படுத்திருக்கு!"

"அரை பேனல்கூட மறையலை சார். மத்த நாள் பனியன் இல்லாமலே இந்த நேரத்துக்குக் காலிதான்."

வாழ்நாளில் முதல்முறையாக, தரையில் நின்றுகொண்டே அவருக்குத் தலை சுற்றியது. 'குட்மார்னிங் சார்' என்ற இரண்டு சொற்கள், வாளித் தண்ணீரைப்போல, மனதில் இப்படியும் அப்படியுமாகத் தளும்பின. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"சகலை," என்றார் சகலை. இப்போது அது கெஞ்சல். "இன்னும் முக்கால் மணி இருக்கு. வேகமாப் போனா முடியும். அந்தச் சாவில ஒண்ணே ஒண்ணைக் குடுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க."

"கேக்கவே வேணாம்," என்றார் கேப்டன் அழாத குறையாக. "போய் இன்னொரு பனியன் கட்டிட்டு வரத்தானே? என்னை உங்க பிரிவுக்குக் கொண்டுவந்து, எதிர்ல உக்கார வெச்சு, தினமும் அழகு பாக்கத்தானே இவ்வளவும்?"

சகலையின் முகத்தில் ரயிலில் போர்த்திக்கொண்டபோது இருந்த அதே களைப்பு வந்து போனது.

"எதிர்லயா?" என்றார் ஈனக்குரலில்.

"துணை மேலாளர் நாற்காலி உங்க மேஜைக்கு எதிர்லதான் இருக்கு. எட்டு மணி நேரம். தினமும்," என்றார் தலைவி, தகவலாக.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள். டீசல் படகின் டிரைவர், செருப்பை வெளியே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். கையில் ஒட்டிய கிரீஸை ஒரு பழைய பனியனால் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் கழுத்தில் சிவப்பு நூல்.

"சார்," என்றார் சகலையைப் பார்த்து, "ரெண்டு மணிலேர்ந்து கீழ கயிறும் கையுமா நிக்கறேன். சாவி வரலையே?"

சகலை கண்ணால் ஜாடை காட்டினார். புருவத்தால் காட்டினார். கடைசியில் கும்பிடவும் செய்தார். டிரைவர் பதிலுக்குக் கும்பிட்டார்.

"எதுக்கு உனக்குச் சாவி?" என்றார் குழுத் தலைவி.

டிரைவர் அந்த அம்மாளை, பிறகு திரையில் மிதந்த புள்ளியை, பிறகு கேப்டனைப் பார்த்தார். எல்லாருக்கும் தெரிந்த சங்கதியைத் தன்னிடம் எதற்குக் கேட்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

"வேற எதுக்கும்மா? கேப்டன் சார் எங்க பிரிவுக்கு மாத்தலாகி வந்துடக் கூடாதுன்னு, ஒவ்வொரு தடவையும் அந்த மூக்கு வளையத்துல பனியனைச் சுத்திக் கயிறு கட்டி, இந்தக் கப்பலை நாங்கதானே போய் இழுத்துட்டு வர்றோம்?"